பண்பொழியில் வாசித்த கீபோர்டு

குற்றாலம் போகும் பஸ்ஸில் சீசன் கூட்டம். எனக்கு முன்னால், கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் இருவர், நடுவில் பிரிக்காத நீள அட்டைப்பெட்டியோடு நின்றார்கள்.

“நேத்து பண்பொழியில உன் புதுக் கீபோர்டு என்னமா பேசுச்சுலே! பழசெல்லாம் கிட்டயே வராது,” என்றார் மூத்தவர்.

“அண்ணாச்சி, நேத்து நான் புதுசை ஆன் பண்ணவே இல்லையே,” என்றார் இளையவர்.

“என்னலே சொல்லுத?”

“அதோட அடாப்டரை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். புதுசு ஸ்டாண்டுல மேல சும்மா இருந்துது. கீழ, துணி மறைச்சிருந்த பழசைத்தான் வாசிச்சேன். உங்ககிட்ட இருக்குத அதே மாடல்.”

மூத்தவர் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அடப்பாவி! அதைக் கேட்டுட்டுல்லா காலையில என் பழசைக் குடுத்துட்டு இதை வாங்கிட்டு வாரேன்!”