வரப்பு வழி

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் முதல் மணி அடிக்கும் நேரத்தில் நான் நகம் வெட்டுவேன். வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டாம் மணிக்குள் பத்து விரலும் முடிந்துவிடும். அறுவை சிகிச்சை செய்கிறவனுக்கு இது ஜெபத்தைவிட முக்கியம் என்று ஒருமுறை சொன்னேன். போதகர் சிரித்தார். இன்று என்னை விசாரிக்கும் இந்த மிஷன் கமிட்டியில் அவரும் இருக்கிறார். சிரிக்கவில்லை.

டாக்டர் யேசுரத்தினம் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. அவர் என் கீழே வேலை செய்கிறவர், நான் பழக்கிய கை. பொய் சொல்லமாட்டார். நோயாளி நாராயணபெருமாளின் குடலில் வளர்த்தி, கட்டி எதுவும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. இருக்கிறது என்று இரண்டு வருஷம் நான் சொன்னேன். ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். குறுக்கே பேச வேண்டாம்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் அவரை வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தது. பெயர், ஊர், தகப்பன் பெயர் சொன்னார்கள். மூன்றும் எனக்குத் தெரிந்தவை. நான் கை கழுவப் போனேன்.

அன்று மேசையிலேயே அவர் இறந்திருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். பெருங்குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு நாவல்பழ நிறத்தில் கிடந்தது. அழுகியதை வெட்டி எடுத்தேன். அந்த நிலையில் குடலின் இரண்டு முனைகளையும் உடனே சேர்த்துத் தைத்தால் தையல் கசியும், ஆள் போய்விடுவார். ஆகவே முனைகளை வயிற்றின் இடப்பக்கம் வெளியே எடுத்து அருகருகே வைத்துத் தைத்தேன். மலம் அந்த வழியாகப் போகும். உடம்பு தேறியபின், மூன்று மாதத்தில், முனைகளைச் சேர்த்து உள்ளே தள்ளி மூடிவிடலாம். எங்கேயும் இப்படித்தான் செய்வார்கள். நான் சுத்தமாகச் செய்தேன்.

சில நாள் கழித்து லீலாபாய் சிஸ்டர் அவர் கட்டிலருகே வந்து நின்றாள்.

"காத்து பிரிஞ்சுதா?"

"ஏட்டி, பொம்பளப் பிள்ள கேக்கிய கேள்வியா இது?"

"பிரியாம கஞ்சி கெடையாது, பாத்துக்கிடுங்க. உங்க சத்தத்துக்குத்தான் வார்டு முழுக்க காதத் தீட்டிட்டுக் கெடக்கு."

அப்போது வயிற்றில் நான் திறந்த அந்தப் புது வாய் தானாகவே ஒலித்தது. பக்கத்துக் கட்டில்காரர், "பெரிய வீட்டு வெடி" என்றார். வார்டே சிரித்தது. நாராயணபெருமாள் மேல்துண்டை இழுத்து அதைப் பொத்தினார், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல. சத்தம் நிற்கவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். என் அப்பாவிடம். மூடுவதில்லை என்று அங்கே நின்றுதான் தீர்மானித்தேன்.

என் அப்பா நேசையன் அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே பனை ஏறினவர். என் தம்பி ஆபேலுக்கு ஆறு வயதில் வயிற்று நோவு வந்தது. வயிறு விறைத்து, பச்சையாக வாந்தி எடுத்தான். அது குடல் முறுக்கு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரிந்தது மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும். கயிற்றுக் கட்டிலில் போட்டு அப்பாவும் சித்தப்பாவும் தூக்கினார்கள். நான் பின்னால் ஓடினேன். எனக்கு ஒன்பது வயது.

வழியில் ஒரு கோவில் தெரு. அதைக் கடந்தால் வண்டிப்பாதை. எங்கள் ஆட்களுக்கு அந்தத் தெருவில் நடக்க அனுமதி இல்லாத காலம். தெருமுனையில் அப்பா கட்டிலை இறக்கி வைத்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கெஞ்சினார். முனையில் இருந்த பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி கையை நீட்டி வயல் பக்கம் காட்டினார். அப்போதுதான் அப்பாவிடம் அந்த முகம்.

ஐப்பசி மழை. குளத்தைச் சுற்றி வரப்பு வழியாகப் போனோம். பெரிய வீட்டு மகன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினான். மீசை அரும்பின இளந்தாரி. நாங்கள் மறுபடி தெருப் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். மாடு ஓட்டுகிறவனைப்போல் வரப்பைக் கம்பால் குத்திக்கொண்டே போனான். அவன் தகப்பன் வாசலிலிருந்து, "ஏலே நாராயணபெருமாளு, ஏலே" என்று விடாமல் கத்தினார். மகன் எங்களைச் சரியாக ஓட்டுகிறானா என்ற மேற்பார்வை. அந்தப் பெயரை அன்று மனப்பாடம் செய்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலை இறக்கினபோது ஆபேல் குளிர்ந்திருந்தான். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னார். நான் வைத்தியம் படித்ததற்கு அந்த வாக்கியம்தான் காரணம். நீங்கள் எனக்குப் படிப்புக்குப் பணம் தந்தபோது ஊழியத்துக்கான அழைப்பு என்று எழுதிக்கொடுத்தேன். அதுவும் பொய்தான், சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை நாராயணபெருமாள் என்னிடம் வருவார். என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் எங்கள் ஆட்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வயிற்று வாயை மூடிய பஞ்சை எடுத்துப் பார்ப்பேன். நாடி பார்ப்பேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன்.

"கோவிலுக்குப் போனீங்களா?"

"இல்ல, டாக்டரே. இத வச்சுக்கிட்டு எப்படி உள்ள போகது? தெருமுனையில நின்னு கும்பிட்டேன்."

"எந்த முனை?"

"கெழக்க. புளியமரத்துக்கிட்ட."

அந்த இடம் எனக்குத் தெரியும். கட்டிலை இறக்கி வைத்த இடம். அடுத்த மாதமும் கேட்பேன். அதே பதில். இரண்டு வருஷத்தில் எனக்கு அது சலிக்கவில்லை.

அவர் வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். திருவனந்தபுரத்துக்குப் போகலாம் என்று மைத்துனர் கூப்பிட்டாராம். "உயிரு தந்த கைய விட்டுட்டு வேற கைய நம்பச் சொல்லுதியா, போ லே" என்று அவரை விரட்டியிருக்கிறார். லீலாபாய் இதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள். நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

இந்த வருஷம் ஆடி மாதம் அவர் வழக்கத்துக்கு முன்பே வந்தார்.

"ஆவணியில மகளுக்குக் கல்யாணம், டாக்டரே. ஒத்த மக, ஆவுடையம்மா. தார வாத்துக் குடுக்கணும்லா, தகப்பன் கையி வேணும். இந்த அசுத்தத்தோட நான் மணவறையில இருக்கப்பிடாது. அதுக்கு முந்தி அடச்சுத் தந்திருங்க."

"உள்ள வளர்த்தி இருக்கு. அடச்சா குடல் வெடிச்சிரும். மக கல்யாணத்தப் பாக்கண்டாமா?"

"பாக்கணும்."

"அப்ப கெடக்கட்டும்."

அவர் எழுந்து கதவுவரை போனார். திரும்பி வந்தார்.

"ஒரு வாரம் சாப்பிடாம கெடந்தா இது சும்மா கெடக்கும், இல்லியா?"

"கெடக்கும்" என்றேன்.

அது உண்மை. அவரிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று.

அசுத்தம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அவருடைய சொல். நான் அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் தெருவை அடைக்கவில்லை. எந்தப் பூசாரியும் அவரைத் தடுக்கவில்லை. அவரே தன்னை முனையில் நிறுத்திக்கொண்டார். நான் அவருக்கு ஒரு உடம்பைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர்கள் எங்களுக்கு இருப்பதாகச் சொன்ன உடம்பு. வெட்ட வேண்டியதை வெட்டினேன். தைக்க வேண்டியதைத் தைக்கவில்லை. இதைப் பழி என்கிறார் யேசுரத்தினம். பழி வாங்குகிறவன் முதல் நாளே கத்தியைத் தவறவிட்டிருப்பான். நான் அவரைக் காப்பாற்றினேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். அவர் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தார். மணவறையில் தாரை வார்க்கும்போது செம்போடு சரிந்தார். அவரைக் கொண்டுவந்த அன்று நான் சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தேன். யேசுரத்தினம் சோதித்திருக்கிறார். வயிற்று வாயில் ஊற்றிய தண்ணீர் கீழ்வழியாகத் தடையில்லாமல் வந்திருக்கிறது. வளர்த்தி இருந்தால் வராது. குழாய் விட்டும் பார்த்திருக்கிறார். பிறகு உங்களிடம் வந்தார். சரியாகத்தான் செய்தார். மூடுகிற வேலையும் அவரே செய்யட்டும், உடம்பு தாங்கினால். தாங்காது என்று நினைக்கிறேன். காய்ச்சல் இறங்கவில்லை. மார்பில் சளி கட்டிவிட்டது.

என்னை நீக்குங்கள். போலீசுக்கு எழுதுங்கள். சபை நடுவே நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கமாட்டேன். என் அப்பா அந்த வாசல் முன்னால் கெஞ்சினது போதும். அது என் பங்குக்கும் சேர்த்துத்தான்.

அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்று போதகர் சொன்னார். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கட்டிலருகே போகக்கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நேற்று காலை போனேன். அவரிடம் யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். சூடான கை.

"நீங்க அஞ்சுகிராமம் பக்கந்தானே, டாக்டரே?"

ஆமாம் என்றேன்.

"ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருசமா நெனப்பேன். வெக்கமா இருக்கும், விட்டுருவேன். நான் இளந்தாரியா இருக்கச்சில, ஒரு ஐப்பசி மழை. உங்க பக்கத்துலேருந்து கட்டில்ல ஒரு பயலத் தூக்கிட்டு வந்தாவ. இதே வயித்து நோவு. எங்கப்பா தெருவழி விடல்ல. கொளத்து வரப்புன்னா பூரா நண்டுவளை, பாத்துக்கிடுங்க. மழத்தண்ணியில தெரியாது. கால வச்சா கட்டிலோட கவுந்துருவாவ. நான் ஒரு கம்ப எடுத்துட்டு ஓடி, குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே முந்திப் போனேன். எங்கப்பா திரும்பி வாலேன்னு கத்துதாரு, கத்துதாரு. நான் வண்டிப்பாத வரைக்கும் கொண்டு விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கம்பாலயே அடி."

சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. அடங்கும்வரை என் கையை விடவில்லை.

"உங்க ஊருதானே, கேட்டிருப்பீங்க. அந்தப் பய பொழச்சானா, டாக்டரே?"