சுவரை நடக்க வைத்த மேஸ்திரிக்கு

பஞ்சுத் தூசிக்கும் பந்துத் தூசிக்கும் பாதி ஆயுளைப் பங்கிட்டுக் கொடுத்தவரே. நூல் அறுந்த போதும் நிதானம் அறாதவரே. சித்தூர் நீவா நூற்பாலையில் நூல் முறுக்கும் ரிங் பிரேம் பிரிவுக்கு மேஸ்திரியாகவும், அதே ஆலையின் கால்பந்து அணிக்குக் கோச்சாகவும், எங்களுக்கெல்லாம் சில நேரம் மாமாவாகவும் சில நேரம் மாமியாராகவும் விளங்கியவரே. பெருமதிப்பிற்குரிய நாகபூஷணம் அவர்களே, வணக்கம்.

இப்படியே இன்னும் நான்கு பத்தி அடுக்குவதுதான் பணி ஓய்வு மடலுக்கு வழக்கம். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லும் புகழில் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. எங்களை மேடையேற்றிப் புகழ்ந்தவர்கள்தான் இந்த ஆலைக்குப் பூட்டு வாங்கி வந்தார்கள். ஆகையால் இனிச் சபையைப் பார்த்துச் சொல்கிறோம். மேஸ்திரி அவர்கள் ஓரமாக உட்கார்ந்து, வேறு யாரோ ஒருவருடைய கதை என்று கேட்டுக்கொள்ளட்டும்.

நாகபூஷணம் கால்பந்தைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. ரிங் பிரேமில் நூல் அறுந்தால் இழுக்கக்கூடாது. இழுத்தால் பக்கத்து இழையும் போகும். நுனியைத் தேட வேண்டும், பொறுத்து நின்று முறுக்கிச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான் அவர் ஆட்டத்தையும் புரிந்துகொண்டார். ஷிப்டு முடிந்ததும் ஆலைத் திடலில் நூல் சுற்றும் பாபின்களின் காலிப் பெட்டிகளைக் கோல் கம்பத்துக்கு முன்னால் நெருக்கி அடுக்குவார். எதிராளி எல்லோரும் கோலுக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பெட்டிகள்தான் பாடம். பந்தைத் தூக்கி அடித்து அந்தப் பெட்டிகள்மேல் எறிகிறவனை அவர் திட்டும் திட்டு திடலைத் தாண்டி காண்டீன் வரைக்கும் கேட்கும்.

"செவுத்துல போய் முட்டாத. செவுத்த நடக்க வை."

அவருடைய வித்தை மொத்தமும் இந்த இரண்டு வாக்கியம்தான். புரிந்துகொள்ள எங்களுக்கு நெடுநாள் பிடித்தது.

தொழிலாளர் கோப்பையின் இறுதி ஆட்டம் திருப்பதியில் நடந்தது. எதிரே சிமெண்டுப் பை தைக்கும் தொழிற்சாலை அணி. முந்தின வருஷம் ஜெயித்தவர்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் கோப்பை பழைய வீட்டிலேயே தங்கும் என்பது அந்தப் போட்டியின் சட்டம். கோல் போடாமலே ஜெயிக்கலாம் என்றால் எவன் ஓடுவான்? முன்னால் ஒரே ஒருவனை விட்டுவிட்டு, மிச்சமுள்ள அத்தனை பேரும் கோலை மறைத்து நின்றுகொண்டார்கள்.

எங்கள் பக்கம் கதை வேறு. எங்கள் அணியில் பாதிப் பேர் பதிலித் தொழிலாளிகள். நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் வேலை. மற்ற நாளில் கேட்டில் நின்று திரும்புகிறவர்கள். கோப்பை வந்தால் அவர்களை நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வலது ஓரத்தில் ஆடும் ரமணாவும் பதிலிதான். அவன் மனைவி யமுனாவின் அண்ணன் குவைத்தில் ஒரு ரொட்டிக் கடையில் இருந்தார். அதே கடைக்கு ரமணாவுக்கும் விசா வந்திருந்தது. போக வேண்டியவனை நிறுத்தி வைத்தவர் நாகபூஷணம்.

"கோப்ப வரட்டும் நைனா. பர்மனென்ட் ஆயிட்டா இங்கியே சோறு துன்னலாம். அங்க இன்னாத்துக்குப் போய்க்கினு?"

ரமணா நின்றான். மேஸ்திரி சொன்னால் அவன் கிணற்றுச் சுவரில்கூட நிற்பான்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பையன்கள் பந்தை இடது பக்கம் கொண்டுபோனார்கள், திருப்பினார்கள், பின்னால் கொடுத்தார்கள், மறுபடி இடது பக்கம் போனார்கள். பின்வரிசையில் ஆடும் ஸ்டாப்பர் சின்னப்பன் பந்தின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவன் போல நின்றான். ஆலை லாரியில் வந்திருந்த நம் ஆட்களுக்கே பொறுக்கவில்லை. பணம் வாங்கிவிட்டார்கள் என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"சின்னப்பா, பந்த அடகாக்கறியா?"

"குஞ்சு பொரிச்சதும் சொல்றேன், குந்துப்பா" என்றான் சின்னப்பன், காலை எடுக்காமல்.

இடைவேளையில் ஹரிபாபுவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் நடுவில் ஆடுகிறவன், அவனும் பதிலி. "மாமா, தூக்கி அடிச்சா யாரு தலையிலனா பட்டு உள்ள போவும். இப்படிச் சுத்திக்கினே இருந்தா இன்னா ஆவறது?"

"தலையில படும். அவங்க தலையில. நடுவுல நிக்கிறானுங்களே ரெண்டு பேரு, தென்ன மரம் மாதிரி கீறானுங்க. ஒனக்கு எட்டுமா?" என்றார் மேஸ்திரி.

"அப்ப கோல பாத்து அடிக்கவே கூடாதா?"

"அடி. தூரத்துல இருந்து ஒன்னு ரெண்டு அடி. உள்ள போறதுக்கு இல்ல. அடிக்கிறானேன்னு தடுக்க வெளிய வருவான் பாரு, அதுக்கு. வந்தவன் நின்ன எடம் காலியாவும். அங்க போ."

பிறகு ரமணாவிடம் சொன்னார்: "நீ ஓரக் கோட்ட வுட்டு உள்ள வராத. பந்து வரலன்னாலும் வராத. கத்தாத. அங்க ஒர்த்தன் கீறான்றதே அவங்களுக்கு மறந்து போவணும்."

இரண்டாம் பாதியில் அப்படியே நடந்தது. பந்து இடது பக்கமே சுற்றியது. சிமெண்டுப் பை அணியினர் அந்தப் பக்கமாக ஒரு அடி, இன்னொரு அடி என்று நகர்ந்தார்கள். நெடுநேரம் பந்தைத் தொடாத காலுக்கு அரிப்பு வரும். அவர்களில் ஒருவன், பிறகு இன்னொருவன், பந்தைப் பிடுங்க வெளியே வந்தான். சுவர் நடக்கத் தொடங்கிவிட்டது. அப்போது சின்னப்பன் பந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்பினான். வலது ஓரத்தில் ரமணா தனியாக நின்றிருந்தான். அவனை மறிக்க எதிராளியின் ஓரக்காரன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கும் தென்னை மரத்துக்கும் நடுவே ஒரு சந்து திறந்தது. அந்தச் சந்தில் ஹரிபாபு புகுந்தான். ரமணா பந்தை அவன் முன்னால் உருட்டிவிட்டு, தான் உள்பக்கம் நடந்தான். ஓடவில்லை, நடந்தான். ஹரிபாபு கோல் கோடு வரைக்கும் போனான். கூட்டமெல்லாம் அவனைப் பார்த்துத் தங்கள் கோலுக்குள்ளேயே ஓடியது. அவன் கூட்டத்துக்குள் அடிக்காமல் பின்பக்கமாக இழுத்துக் கொடுத்தான். முதுகுக்குப் பின்னால் வருகிறவனை யார் பார்ப்பது? ரமணா தரையோடு அடித்தான். கோல்.

நாகபூஷணம் குதிக்கவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "இன்னும் நேரம் கீது, எடத்துக்குப் போங்க" என்றார்.

கோப்பை சித்தூருக்கு வந்தது. மேனேஜர் அறையில் கண்ணாடிக்குள் ஏறி உட்கார்ந்தது. பதிலிகளை நிரந்தரம் ஆக்குவது பற்றிக் கேட்டதற்கு மேனேஜர் தெலுங்கில் "சூஸ்தாம்" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எங்களில் வயதானவர்களுக்கு விளங்கிவிட்டது. மேஸ்திரிக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியும், தெரிந்த வித்தையை விட மனம் வரவில்லை.

மேனேஜரிடம் போனார். அவர் நகரவில்லை என்றதும் யூனியனைத் தேடிப் போனார். யூனியன் கைவிரித்ததும் தொழிலாளர் அலுவலகம். அங்கிருந்து மறுபடி மேனேஜர். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம். சளைக்காமல், சத்தம் போடாமல், வாரம் தவறாமல் அலைந்தார். ரமணா வந்து கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் சுத்துவோம் நைனா, தெறக்கும்" என்றார். அதற்குள் விசாவின் நாள் கடந்தது. ரொட்டிக் கடையில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டு நூல் மலிவாக வருகிறது, கட்டுப்படி ஆகவில்லை என்று சொல்லி அடுத்த வருஷம் ஆலையை நிறுத்தினார்கள். நிரந்தர ஆட்களுக்கு ஏதோ கொடுத்தார்கள். பதிலிகளுக்கு ஒன்றுமில்லை, அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லையாம். ஹரிபாபு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனான். ரமணா பக்கத்து ஊரான பாகாலாவில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, டிரைவர் வேலை என்று நம்பி வளைகுடா நாட்டுக்குப் போனான். அங்கே பாலைவனத்தில் ஆட்டுக் கிடையைக் காட்டினார்களாம். பாஸ்போர்ட் முதலாளி கையில். இன்னும் திரும்பவில்லை.

யமுனா ஒரு நாள் ஆலை கேட்டுக்கு வந்தாள். கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் மேஸ்திரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாமா, ஒங்க ஆட்டத்துல நேரம் முடிஞ்சா விசில் ஊதுவாங்க. எங்களுக்கு யாரு ஊதுவா?"

அன்றைக்குப் பிறகு அவர் திடலில் கால் வைத்து நாங்கள் பார்த்ததில்லை. பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல், நின்றுபோன எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் நாலைந்து பேரில் ஒருவராக இத்தனை வருஷம் இருந்தார். பதிலிகளுக்காக மனு எழுத ஒருவன் உள்ளே இருக்க வேண்டும் என்பார். ஒரு மனுவுக்கும் பதில் வந்ததில்லை.

ஐயா, இனி மறுபடி உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறோம். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆட்டம் தப்பில்லை. சிமெண்டுப் பைக்காரனுக்குப் பந்து வேண்டியிருந்தது, அதனால் வெளியே வந்தான். இந்த ஆலைக்காரர்களுக்கு நம்மிடம் வேண்டியது எதுவும் இல்லை. அப்படிப்பட்டவனை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வெளியே வரமாட்டான். இது உங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தது, நாங்கள் உங்களோடு அலையவுமில்லை. பெரிய மனுஷர்களை நம்பியது உங்கள் குற்றம் என்றால், நம்பாமல் வீட்டில் படுத்திருந்தது எங்களுக்குப் பெருமை ஆகாது.

இன்று ஆலை அரங்கின் சாவி கிடைக்காததால் சைக்கிள் ஷெட்டில் உங்கள் பணி ஓய்வு விழாவை நடத்துகிறோம். மாலை சிறியது, பொறுத்துக்கொள்ளுங்கள். யமுனாவையும் அழைத்தோம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அழைக்கப் போனவர்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, "மடல் எழுதறீங்களாமே. அந்த மனுசன் ஒடம்புக்கு ஒன்னும் வராம ரொம்ப நாளு இருக்கணும்னு நான் சொன்னதா எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டோம்.

இங்ஙனம்,
நீவா நூற்பாலையில் மிஞ்சிய தொழிலாளர்களும்
பழைய கால்பந்து அணியினரும்,
சித்தூர்.