தேயிலை விதைப் புண்ணாக்கு

ஐயா, டீயை அந்தப் பக்கம் வையுங்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆனால் அந்தச் செடியைப் பற்றி நன்றாகத் தெரியும். பழையகாயலில் இறால் பண்ணை வைத்திருக்கும் செந்தில்வேல் சொன்னான். தேயிலையும், அழகுக்கு வளர்க்கிற ஒரு பூச்செடியும் கமேலியா என்கிற ஒரே குடும்பமாம். விதையில் எண்ணெய் எடுத்தபிறகு மிஞ்சும் புண்ணாக்கை ஊறவைத்துக் குளத்தில் தெளித்தால், மீன் ரத்த அணு உடைந்து சாகும். இறாலுக்கு ஒன்றும் ஆகாது. இறால் குஞ்சு விடுவதற்கு முன் பண்ணைகளில் வழக்கமாகச் செய்கிற வேலைதான்.

தேவதாசன் என் படகில் பதினெட்டு வருஷம் சங்கு குளித்தவன். கடலடியில் அவனைப் போல நின்று பொறுக்க திரேஸ்புரத்தில் ஆள் கிடையாது. போன வருஷம் மேலே வந்தவன் காதில் ரத்தம் வடிய விழுந்தான். இனி முங்கினால் உயிர் தங்காது என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவனும் அதை நம்பி, பழையகாயலில் குளம் வெட்டிக் கொடுவா மீன் வளர்க்கப் போய்விட்டான். அவன் இல்லாத படகு எனக்குப் பிடிக்கவில்லை. போய்க் கூப்பிட்டேன்.

"இந்த மீனு இருக்குத வரைக்கும் கடல்ல எறங்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான்.

வழியை அவனே சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தெளித்தேன். பூசையை விட்ட பாவம் வேண்டாமென்று சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டேன். மத்தியானமே அவ்வளவு மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தது. அவன் மனைவி பிளாரன்ஸ் கரையில் உட்கார்ந்து, "எந்தக் கொள்ளையில போவான் இப்படிச் செஞ்சான்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். செத்த மீனை அள்ள நானும் கூட நின்றேன். எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது.

பத்தாம் நாள் அவனாகவே படகுக்கு வந்தான். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. முதல் முங்கில் பை நிறையச் சங்கு. இரண்டாம் முங்கில் காற்றுக்குழாயைப் பிடித்து இழுத்தோம். ஆள்தான் வந்தான், உயிர் வரவில்லை.

அது கடல் செய்தது. நான் கொன்றது மீனைத்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் தம்பி ரோச்சுக்கும் நல்ல மூச்சு. அடக்கம் முடிந்த மறுவாரம் கூப்பிட்டேன். ஆடு வளர்க்கிறானாம், அதை விட்டுவிட்டு வர முடியாதாம். ஆட்டுக்கு என்ன செய்யலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன், உங்கள் ஜீப் வந்துவிட்டது.