கயிறு கட்டிய நாற்காலி

ஊர்மன்றத் தலைவர் அவர்களே! ஆற்றைக் கடந்து ஸ்பெயினிலிருந்து வந்து, எங்கள் ஒயினைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது குவளையை நிரப்பிக்கொள்ளும் பெரியோர்களே! மனத்தை அடுப்பிலும் காதை என்னிடமும் வைத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அட்டைக் கிரீடம் சரிய அமர்ந்திருக்கும் இரண்டு மாமன்னர்களே! ரிபெய்ரால்வா பள்ளியில் உங்களில் பாதிப் பேருக்கு வரலாறு சொன்ன இந்தப் பழைய டீச்சரின் வணக்கம்.

கடல் யாருடையது? காற்று யாருடையது? கண்ணால் காணாத கண்டங்கள் யாருடையவை? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், போர்ச்சுகல் மன்னருக்கும் ஸ்பெயின் மன்னருக்கும் இதில் சந்தேகமே இல்லை. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கிடக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து மேற்கே அளந்து, கடல் நடுவே ஒரு கோடு. கிழக்கே எங்கள் போர்ச்சுகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு. அழகான ஏற்பாடு! ஒரே குறை, உலகம் உருண்டை. இவர்கள் கிழக்கே போய், அவர்கள் மேற்கே போய், கிராம்பு விளையும் தீவுகளில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டார்கள். "நீ எங்கே இங்கே?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அங்கே கிராம்பு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் இருவரிடமும் அதையே கேட்டிருப்பார்கள்!

அந்தப் பாகப்பிரிவினையைத்தான் ஆண்டுதோறும் இந்தச் சதுக்கத்தில் நடிக்கிறோம். கேப் வெர்டேவுக்குப் பதில் ஒரு நாற்காலி. அதன் காலில் கயிறு. மன்னர்கள் இருவரும் கயிற்றை மேற்கே இழுத்துக்கொண்டு போவார்கள், அது முடியும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. கோடு மேற்கே போகப்போகப் போர்ச்சுகலுக்கு லாபம். நம் மன்னர், கசாப்புக்கடை எவாரிஸ்தோ, இழுக்கிற இழுப்பில் நாற்காலியே பின்னால் வந்துவிடும். போன ஆண்டு கேப் வெர்டே தீவுகள் ரொட்டிக்கடை வாசல்வரை நகர்ந்தன. என்ன எவாரிஸ்தோ, சிரிப்பா? பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டியிலும் நீ இப்படித்தான்.

இன்று காலை ஒத்திகை. பேருந்து நிலையத்தில் காப்பிக்கடை நடத்தும் சுல்மீரா அம்மா, கேப் வெர்டேயில் பிறந்தவர், நேராக வந்து அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார். எவாரிஸ்தோ இழுத்தார், முக்கினார், முகம் சிவந்தார். நாற்காலி நகரவில்லை.

ஸ்பெயின் மன்னர் லெயான்த்ரோ, அக்கரை மருந்துக்கடைக்காரர், பணிவானவர். "அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றார்.

சுல்மீரா இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்கய்யா தள்ளுறது? அந்தப் பக்கம் உங்க கடல். இந்தப் பக்கம் அவரு கடல்."

எவாரிஸ்தோவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, வருஷா வருஷம் நாற்காலி காலியாத்தானே இருக்கும்? நாடகத்தைக் கெடுக்காதீங்க."

"காலியா இருந்துச்சுன்னு உனக்கு யாருப்பா சொன்னது? இவங்க கோடு போட்டப்ப எங்காளுங்க அங்கதான் இருந்தாங்க. உங்காளுங்க ஆப்பிரிக்காவுல பிடிச்சுட்டு வந்து, அடிமையா பருத்தி எடுக்க விட்டிருந்தாங்க. வருஷா வருஷம் அவங்க மேலதான் கயிறு கட்டுறீங்க."

விழாக் குழு கூடியது, காப்பி குடித்தது, மறுபடி கூடியது, முடிவை உங்களிடமே விட்டுவிட்டது. நாற்காலியில் சுல்மீரா இருக்கலாமா, கூடாதா? கூடாதென்றால் நாடகத்துக்கே வரமாட்டேன் என்று, இதோ, கடை ஏப்ரனோடு கடைசி வரிசையில் நிற்கிறார்.

நான் கேட்கிறேன். கோடு போட்டவர் பெயர் தெரியும், கப்பல் விட்டவர் பெயர் தெரியும், கோட்டை கட்டியவர் பெயர் தெரியும். கோட்டுக்கு அடியில் வாழ்ந்தவர் பெயர் தெரியுமா? நான் சொல்லித்தந்த பாடத்தில் இருந்ததா? உலகத்தையே பங்கு போட்ட நாம் ஓர் இருக்கையைக் கொடுக்கத் தயங்கலாமா?

சரி, அம்மா அமரலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

அடடே! சதுக்கம் முழுக்கக் கைகள்! லெயான்த்ரோவும் தூக்கிவிட்டார். எவாரிஸ்தோ... அங்கே பார்க்காதே, உன் கையைப் பார். உம்... மெதுவாக... தூக்கிவிட்டார்! இரண்டு மன்னர்களும் கயிறு இல்லாமல் ஒத்துப்போய்விட்டார்கள், பெரியோர்களே!

பொறுமையாகக் கேட்ட இருகரை மக்களுக்கும் நன்றி, அன்பு, வணக்கம். சுல்மீரா அம்மா, முன்னால் வாருங்கள். எவாரிஸ்தோ, கயிற்றை அவிழ்த்துவிட்டு நாற்காலியைத் துடை.