உரிமையாளர் தெரியாத மூட்டை

— பரத், இன்னொரு தடவ ஓட்டிப் பாரேன்.

— வைஷ்ணவி மேடம், மூணு தடவ ஓட்டியாச்சு. நான் இந்த லேபோட லாண்டரிக்காரன். ஒவ்வொருத்தர் டிஎன்ஏலயும் நீ ஒரு பார்கோடு ஒட்டிக் குடுக்கற. மெஷின் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அலசுது. நான் பார்கோடு பாத்து அவங்கவங்க ஃபைல்ல மடிச்சு வெக்கிறேன். எல்லார் துணியும் வந்துடுச்சு. பதினேழாம் நம்பருக்கு மட்டும் கைக்குட்டைகூட வரல.

— வராம எங்க போவும்?

— நீ ஒட்ட மறந்திருப்ப. சும்னே வம்பு பண்ணாம ஒத்துக்கோ. டாக்டர்கிட்ட சொல்லி மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிடலாம்.

— ஐயோ, வேணாம்ப்பா! அம்மா மார்புப் புத்துநோய்ல போயிட்டாங்க, தனக்கும் வருமான்னு தெரிஞ்சுக்கக் குடுத்த ரத்தம் அது. மறுபடி மொதல்லேர்ந்து காத்திருக்கணுமா?

— பேரில்லாம நம்பர் மட்டும் போட்ட அந்தப் பொண்ணோட சீட்ட நானும்தான் படிச்சேன். பேஜார் பண்ணாத.

— யாருதுன்னு தெரியாததெல்லாம் ஒரு மூட்டையா ஒதுக்கி வெப்பியே, அத அவுத்துப் பாத்தியா?

— அந்தக் குப்பைய எவன் கிளறுவான்? சரி சரி, முறைக்காத. நீ ஒட்டின பார்கோடு எது, சொல்லு.

— ஏ, சி, ஜி, டி, டி, ஏ, ஜி, சி.

— அடேயப்பா! காலைல என்ன சாப்ட்டேன்னு கேட்டா முழிப்ப. இது மட்டும் எப்படி மனப்பாடம்?

— தேடுப்பா, பேசாம.

— தேடறேன்... ஏய், இங்க இருக்கு! லட்சக்கணக்கான துண்டு, எல்லாத்துலயும் இதே பார்கோடு. அத்தனையும் இந்த மூட்டைக்குள்ளதான் உக்காந்திருக்கு. அப்போ நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்த பார்கோடு லிஸ்ட்டுல...

— காட்டு. பாத்தியா? கடைசி ரெண்டு எழுத்த மாத்தி அடிச்சு வெச்சிருக்க. நான் ஒட்ட மறந்தேனாம்! ஜோகுபாளையத்துல இப்படித்தான் துணி மாத்திக் குடுப்பாங்களா?

— எங்க ஏரியாவ எதுக்கு இழுக்கற? கை தவறிடுச்சு, தாயே. திருத்திட்டேன், இரு, ஓடட்டும்... வந்துடுச்சு. பதினேழாம் நம்பர் நெறஞ்சு போச்சு. ரிசல்ட்ட நாளைக்கு டாக்டருக்கு அனுப்பிடலாம்.

— ரொம்ப தேங்க்ஸ், பரத்.

— இதுக்கு ஏன் கண்ணத் தொடைக்கற? லேப்ல வெங்காயம் உரிச்சியா? அந்தப் பொண்ண எங்கயாவது பாத்தா மறக்காம சொல்லு, தொலைஞ்சு போன உன் ரத்தத்தக் கண்டுபிடிச்சவன் பரத்துன்னு.

— சொல்லவே வேணாம்ப்பா. அவ உன் பக்கத்துலதான் நிக்கிறா.