மடைக்குழி ஓரத்துப் பானை

“எப்பப் பாத்தாலும் தண்ணியையே பாக்கியே, ஏட்டி, மாப்பிள்ளையா நீந்தி வாரான்?” என்று ஞானசிகாமணி அத்தான் ஒருநாள் கேட்டார். நான் ஐப்பசியில் முதல் உள்ளான் குருவி வந்த நாளையும், கார்த்திகையில் கிளுவை வாத்துகள் குளத்தில் இறங்கிய நாளையும் ஒளித்து வைத்திருந்த நோட்டில் எழுதிவந்தேன்.

அத்தான் கெட்டவர் இல்லை. தம் மனைவியான என் அக்கா இன்பமணி மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. பாளையங்கோட்டை பங்களாக்களுக்கு வாத்து பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். இறகு பறிக்க ஆள் வேண்டும் என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார். அதில் எனக்கு வருத்தமில்லை.

முதலில் வெறும் பானையைக் குளத்தில் மிதக்கவிடுவார். மூன்று நாளில் பறவைகளுக்குப் பயம் போய்விடும். பிறகு கண்ணுக்கு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடப்பார். கிட்டே வரும் வாத்தின் காலைப் பிடித்து உள்ளே இழுப்பார். சிறகை ஒடித்து இடுப்புக் கயிற்றில் செருகுவார். பாதி வாத்துகள் உயிரோடுதான் வீட்டுக்கு வரும்.

“உசிரு இருக்கையிலேயே பறிட்டி, இறகு லேசா வரும்” என்பார். பறிப்பேன்.

1911 மார்கழியில், தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்து ஒரு ஜோடி வந்தது. அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அதுக ரெண்டும் வேண்டாம், அத்தான்.” நான் அவரிடம் கேட்ட ஒரே காரியம் அது.

“சரிட்டி. உன் கல்யாணத்துக்குக் கொழம்பு வச்சிருவோம்.”

மறுநாள் ஒன்றை என் மடியில் போட்டார். கண் விழித்திருந்தது. பறித்தேன். மற்றது குளத்தில் தனியாகச் சுற்றியது.

அன்றே, மதகடியில் ஆள் ஆழத்துக்குக் கிடந்த மடைக்குழி ஓரத்தில் ஒரு பானையை மிதக்கவிட்டேன். மூன்று நாளில் வாத்துகள் பழகின. அத்தானும் பழகினார், தம்முடைய பழைய பானை என்று நினைத்திருப்பார். நான்காம் நாள் விடிந்ததும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் தண்ணீரில் நின்றேன். அவர் அருகில் வந்ததும் மூச்சடக்கிக் கணுக்கால்களைப் பிடித்துக் குழிக்குள் இழுத்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது. என் தலைமுடியைப் பற்றினார். விரல்கள் விடும்வரை மணிக்கட்டைக் கடித்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

வழுக்கி விழுந்துவிட்டார் என்றது ஊர். மிச்சமிருந்த அந்த ஒற்றை வாத்து மாசிவரை குளத்தில் இருந்தது.

அக்கா கைப்பிள்ளையோடு சோறு இறங்காமல் கிடந்தாள். வாத்து பிழைத்தது தெரிந்தால் மனம் ஆறும் என்று, எல்லாவற்றையும் எழுதியிருந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். கடைசி வரிவரை வாசித்தாள். கோபம் இருந்தால் திட்டியிருப்பாள். திட்டவில்லை. நோட்டை மடியில் செருகி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பாளையங்கோட்டை ரோட்டில் நடந்து போனாள்.