திங்கட்கிழமையும் திறக்காத பக்கம்

என் பெயர் யிக்கெமின் கோப்மான்ஸ். வயது 54. நெதர்லாந்து, தோலன் தீவில் கெர்க்ரிங் 14ஆம் எண் வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். வீட்டைக் கவனித்து வருகிறேன். இணையதளம் செய்ய நானாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் திருச்சபையின் தளத்தை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அதில், தனியாக வசிக்கும் முதியோர் உதவி கேட்க ஒரு பக்கம் உண்டு. இறந்துபோன மாரினுஸ் ஸ்லாகெர், வயது 81, காது கேளாதவர், அதன் வழியாகத்தான் எங்களைக் கூப்பிடுவார். ஞாயிறன்று நாங்கள் துணிகூடக் காயப்போடுவதில்லை, தளமும் மூடியிருக்கும். "இன்று ஆண்டவருடைய நாள். நாளைக்கு வாருங்கள்" என்ற வரி மட்டும் தெரியும். அதை எழுதியது நான்.

பக்கத்தைத் திறக்குமுன் பதினொரு பிரவுசர்களில் சோதித்து, கருவியும் தேதியும் நோட்டில் குறித்தேன். மாரினுஸிடம் இருப்பதைப் போன்ற பழைய டேப்லெட்டை நாத்தனாரிடம் வாங்கி ஒரு சனிக்கிழமை பார்த்தேன். சரியாக வந்தது. மூப்பர் ஹுய்பெர்ட் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, மாப்பிள்ளை பார்க்கிறதுக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க. திறந்து விடு" என்றார். திறந்துவிட்டேன்.

அதன் பிறகு மார்ச் 9, ஞாயிறு மாலை மாரினுஸ் பக்கத்தைத் திறந்திருக்கிறார். திங்கள் காலை ரொட்டி கொண்டுபோன பக்கத்துப் பண்ணை மாத்யேயிடம் டேப்லெட்டைக் காட்டியிருக்கிறார். அதே வரிதான் இருந்ததாம். அவள் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு மட்டும் இன்னும் ஞாயிறு முடியலையா பெரியப்பா?" என்று சீட்டில் எழுதிக் காட்டி, டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்றும் கேட்டிருக்கிறாள். அவர் தலையசைத்து மறுத்து, "கால்தான் வீக்கம். நாளைக்குத் திறப்பாங்க" என்று எழுதிக் கொடுத்தாராம். செவ்வாய் காலை அவள் போனபோது நாற்காலியிலேயே இறந்திருந்தார்.

அதன் பிறகு புதன்கிழமை இந்தக் காவல் நிலையத்தில் அந்த டேப்லெட்டை என்முன் வைத்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்றுதான் அப்போதும் இருந்தது.

மற்ற பிரவுசர்கள் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்கும். இந்த டேப்லெட்டில் இருப்பது ஞாயிறன்று வாங்கியதையே சேமித்து வைத்துக் காட்டியிருக்கிறது. ஞாயிறு ஒருமுறை, திங்கள் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஞாயிறன்று நான் கருவியைத் தொடுவதில்லை. நோட்டில் அந்தச் சோதனைக்கும் டிக் போட்டிருந்தேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "சோதிக்க மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்த இடத்தை அடிக்கச் சொன்னேன். மறக்கவில்லை. தெரிந்தேதான் விட்டேன். மற்றபடி இதிலுள்ளது அனைத்தும் நான் சொன்னதே, உண்மையே.

(ஒப்பம்) யி. கோப்மான்ஸ்